பிரேதம் பதனிடுவோர் வரலாறு

மானிடராய்ப் பிறந்த யாவர்க்கும் மரணம் பொதுவாம் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆயினும், இறந்தாரது உடலைத் தீண்டிக் கழுவித் திருத்தி அனுப்பும் தொழில் எல்லார்க்கும் பொதுவாயிருந்ததில்லை. பல தேசங்களில் அத்தொழில் ஒரு சிலர் கையிலேயே விடப்பட்டது. அச்சிலரது உதவியை வேண்டாத குடும்பமில்லை; எனினும் அவர்களைத் தம்மோடு சமமாக இருத்திக்கொண்ட ஜனசமூகங்கள் மிகச் சிலவே. தொழிலைக் காட்டி உயர்வு தாழ்வு கற்பிக்கும் வழக்கம் வேரூன்றிய நாட்டிற் பிறந்து, சங்கமாய்க் கூடி முன்னேற விரும்பும் நமக்கு, இத்தொழிலாளர் பிறநாடுகளில் எந்நிலையிலிருந்து எந்நிலையை எய்தினர், எவ்வழியால் எய்தினர் என்பதை அறிவது பெரிதும் பயன் தருவதாகும். ஆதலின், மேனாட்டார் எம்பாமிங் என்று கூறும் பிரேதம் பதனிடும் தொழிலின் சரித்திரத்தை, அதனைச் செய்வோரது நிலையையே முக்கியமாகக் கருதி, ஈண்டுச் சுருக்கமாக வரையப் புகுகின்றோம்.

முதலாவது, பதனிடுதல் ஏன் வேண்டப்பட்டது என்பதை நோக்குவோம். உயிர் நீங்கியவுடன் சரீரத்துள் இரத்த ஓட்டம் நின்றுவிடுகின்றது. உயிருள்ளபோது குடலில் அடங்கியிருந்த நுண்ணுயிர்கள் அதன்பின் தடையின்றிப் பெருகி, தசைகளை அழிக்கத் தொடங்குகின்றன. உஷ்ணமான தேசங்களில் இவ்வழிவு ஒரு நாளைக்குள்ளேயே கண்ணுக்கும் மூக்குக்கும் புலனாகின்றது. ஆகையால் தகனமோ அடக்கமோ உடனே நடைபெறுமிடங்களில் பதனிடுதற்கு அவசியமில்லை. இறந்த உடலை மறுமைக்காகப் பாதுகாக்க வேண்டும் என்ற நம்பிக்கை இருந்த இடத்திலும், இறந்த இடத்திற்கும் சுற்றத்தார் வாழும் இடத்திற்கும் நெடுந்தூரம் இருந்த இடத்திலுமே இக்கலை வளர்ந்தது.

மறுமை நம்பிக்கையால் இக்கலையை வளர்த்தவருள் மிகவும் பிரசித்தி பெற்றவர் எகிப்து தேசத்தார். கி. மு. 5-ஆம் நூற்றாண்டினரான ஹெரோடோட்டஸ் என்னும் கிரேக்க சரித்திராசிரியர் அவர்களுடைய முறையை விவரமாக எழுதியிருக்கின்றார். வளைந்த இரும்புக் கருவியால் மூக்கின் வழியாக மூளையை எடுப்பர். விலாவின் கீழ்ப்பக்கத்தைக் கூரிய கல்லால் கீறி உள்ளுறுப்புக்களை வெளிப்படுத்துவர். நேட்ரன் என்னும் ஒருவகை உப்பினால் உடலை மூடி, அதிலுள்ள ஈரம் முழுவதையும் வாங்குவர். பின்னர்க் கழுவி, மெல்லிய சணல்நூல் துணிச்சுருள்களால் உச்சி முதல் பாதம் வரை சுற்றிப் பிசின் பூசுவர். அறிவுக்கும் நினைவுக்கும் இருப்பிடம் என்று கருதிய இருதயத்தை மட்டும் பெரும்பாலும் உடலிலேயே விட்டுவைப்பர். இக்காரியங்கள் யாவும் முடிவதற்கு 70 நாள் செல்லும். பணத்திற்குத் தக்கவாறு மூன்று தரங்கள் இருந்தன என்றும், மரத்தாற் செய்த மாதிரிகளைக் காட்டி எத்தரம் வேண்டும் என்று சுற்றத்தாரைக் கேட்பர் என்றும் அவ்வாசிரியர் கூறுகின்றார். மரணத்திலும் செல்வர் வேறு, வறியர் வேறு என்னும் நிலை அன்றே இருந்தது.

இனி நாம் கவனிக்க வேண்டிய செய்தியொன்றைக் கி. மு. முதல் நூற்றாண்டினரான டியோடோரஸ் என்னும் மற்றொரு கிரேக்க ஆசிரியர் எழுதி வைத்துள்ளார். எங்கே, எவ்வளவு நீளம் கீற வேண்டும் என்று இடப்பக்க விலாவில் குறியிடுவோன் ஒருவன். அக்குறியின்படி கீறுவோன் மற்றொருவன். கீறியவன் கீறிய கணமே அவ்விடத்தை விட்டு ஓடவேண்டும். உடனிருந்தோர் அவனைச் சபித்துக்கொண்டே கல்லால் எறிவர். தம் இனத்தான் ஒருவனது உடலைக் காயப்படுத்தியவன் வெறுக்கத்தக்கவன் என்பது அவர்கள் கொள்கை. ஆனால் அடுத்த வேலையாகிய பதனிடுதலைச் செய்வோர்க்கோ சகல மரியாதைகளும் உண்டு. அவர்கள் ஆலய குருமாரோடு சமமாகப் பழகுவர். கீறுவோன் இன்றேல் பதனிடுவோர்க்கு வேலையே இல்லை. ஒரே உடலின்மேல், ஒரே நோக்கத்திற்காக, ஒரே நாளில் உழைத்த இருவருள் ஒருவனுக்குக் கல்லும், மற்றொருவனுக்கு ஆசனமும் கிடைத்தன. இவ்வேற்றுமைக்கு வேலையின் தன்மையில் ஒரு காரணமும் இல்லை. காண்போர் மனமே காரணம். இதனை நம் நாட்டார் ஆழ்ந்து சிந்திப்பார்களாக.

நிற்க. எகிப்தியர் முறை மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின், ஐரோப்பாவில் உடற்கூறு நூல் வல்லாரிடத்தே வேறொரு முறை தோன்றிற்று. மாணாக்கர்க்கு உடலின் உட்பகுதிகளைக் கற்பிக்க வேண்டி, உடல் கெடாதிருக்க வழி தேடிய அவர்கள், இரத்தம் ஓடிய குழாய்களிலேயே மருந்து நீரைச் செலுத்தினால் அது உடலெங்கும் தானே பரவும் என்பதைக் கண்டனர். ஆம்ஸ்டர்டாம் நகரத்து பிரெடெரிக் ரைஷ் இம்முறையிற் சிறந்து விளங்கினார். அவர் சேகரித்த பொருள்களை ருஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டர் 1717-ஆம் வருஷத்தில் விலைக்கு வாங்கினார். லண்டன் நகரில் வில்லியம் ஹண்டர் (1718–1783) இம்முறையைத் தெளிவாகக் கற்பித்தார். பிரான்சு தேசத்து ழான் நிக்கோலா கன்னால் கழுத்துக் குழாயின் வழியே மருந்து செலுத்தும் முறையைப் பொதுமக்களுக்கும் உரிய தொழிலாக்கி, 1838-இல் இதைப்பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அந்நூல் 1840-இல் அமெரிக்காவில் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது.

அமெரிக்காவில் அதுகாறும் இறந்தாரைக் கழுவி ஆடை உடுத்துவது வீட்டுப் பெண்டிர் வேலையாகவும், பெட்டி செய்வது ஊர்த்தச்சர் வேலையாகவும் இருந்தன. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர் இந்நிலையை அடியோடு மாற்றிவிட்டது. அப்போரில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட வீரர் மாண்டனர். வடமாகாணங்களிலிருந்து சென்ற வீரர் பலர் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் உயிர் துறந்தனர். மகனது முகத்தை ஒருமுறையேனும் காண வேண்டும் என்று தாயர் துடித்தனர். கெட்டுப்போன உடல்களை ஏற்றிச் செல்ல ரயில்வே கம்பெனிகள் மறுத்தன. இக்கஷ்டத்தைத் தீர்க்க முன்வந்தவருள் முதன்மையானவர் தாமஸ் ஹோம்ஸ் (1817–1900) என்னும் வைத்தியர். 1861 மே 24-இல் அலெக்ஸாந்திரியா நகரில் எதிரிகளின் கொடியை இறக்கியபோது சுடப்பட்டு இறந்த எல்மர் எல்ஸ்வொர்த் என்னும் இளம் படைத்தலைவரின் உடலை அவர் பதனிட்டார். எல்ஸ்வொர்த் ஜனாதிபதி லிங்கனுக்கு மிகவும் நெருங்கிய நண்பராதலின், அவ்வுடல் வெள்ளை மாளிகையிலேயே வைக்கப்பட்டது. உயிருள்ளவர் உறங்குவது போலிருந்த அம்முகத்தைக் கண்டோர் வழியாக இக்கலை நாடெங்கும் பரவிற்று. போர் முடியுமுன் தாம் 4,028 உடல்களைப் பதனிட்டதாக ஹோம்ஸ் கூறினார்.

ஆனால் துக்கத்தில் ஆழ்ந்தோரிடம் பேரம் பேசுவது எளிது என்பதை அறிந்த பேராசைக்காரரும் இத்தொழிலிற் புகுந்தனர். தொடக்கத்தில் அதிகாரியின் உடலுக்கு 50 டாலரும், சாதாரண வீரனது உடலுக்கு 25 டாலரும் கேட்டவர்கள், பின்னர் 80 என்றும் 30 என்றும் உயர்த்தினர். அக்காலத்தில் சாதாரண வீரனது மாதச் சம்பளம் 13 டாலர் என்பதை நினைத்தால் இதன் கொடுமை விளங்கும். போர்க்களத்தினருகே கூடாரமடித்து விளம்பரம் ஒட்டினவர்களும், உரியவர் அனுமதியின்றி உடலைப் பதனிட்டுவிட்டுப் பணம் வரும் வரையில் உடலைக் கொடுக்க மறுத்தவர்களும் உண்டு. முறையீடுகள் மிகவே, 1865 மார்ச்சு மாதத்தில் அமெரிக்க யுத்த இலாகா ஓர் உத்தரவு பிறப்பித்தது. திறமையை நிரூபித்து அனுமதி பெற்றவரே இத்தொழிலைச் செய்யலாம் என்றும், கூலி வரையறுக்கப்பட்ட விகிதப்படியே இருக்க வேண்டும் என்றும் அதில் விதிக்கப்பட்டது. ஒரு தொழில் மதிப்படைவதற்கு வேண்டிய தேர்ச்சியும் நியாயமான கூலியும் அவ்வுத்தரவிலேயே முதன்முதல் ஒருங்கு கூடின எனலாம்.

அடுத்த மாதத்திலேயே இத்தொழில் உலகமறிய வந்தது. ஏப்ரல் 14-இல் சுடப்பட்ட ஜனாதிபதி லிங்கன் மறுநாள் இறந்தார். அவர் உடலைப் பதனிட்டவர் ஹென்றி கேட்டல் என்பவர். 1862-இல் இறந்த லிங்கனின் மகன் வில்லியின் உடலும் இம்முறையிலேயே பதனிடப்பட்டிருந்தது. தந்தையின் பெட்டியும் மகனின் பெட்டியும் ஒரே ரயிலில் ஏற்றப்பட்டன. ஏப்ரல் 21-இல் வாஷிங்டன் நகரிலிருந்து புறப்பட்ட அந்த ரயில், ஏறத்தாழ 1,650 மைல் சென்று, மே 3-இல் ஸ்பிரிங்பீல்டு நகரை அடைந்தது. வழியிலுள்ள பெரிய நகரங்களில் லட்சக்கணக்கான ஜனங்கள் பெட்டியருகே வந்து முகத்தைத் தரிசித்தனர். நாள் செல்லச் செல்ல முகம் கருக்கத் தொடங்கியதையும், உடன் சென்ற பதனிடுவோர் அடிக்கடி பூச்சுமா இட்டு அதனைத் திருத்தியதையும் அக்காலப் பத்திரிகைகள் மறைக்கவில்லை. கலையின் சக்தியும் அதன் எல்லையும் ஒருங்கே வெளியாயின.

அக்காலத்து மருந்து நீர்களில் பெரும்பாலும் பாஷாணம் கலந்திருந்தது. அது உடலைக் காத்தது. ஆனால் பதனிடுவோரை வருத்தியது. அன்றியும், பாஷாணமிட்டுக் கொல்லப்பட்டவரது உடலைப் பாஷாணத்தாலேயே பதனிட்டுவிட்டால் குற்றத்தைக் கண்டறிய இயலாது போயிற்று. இதனாலேயே பிரான்சு சர்க்கார் 1846-இலேயே பதனிடுதற்குப் பாஷாணத்தைத் தடை செய்திருந்தனர். இக்குறையை நீக்கியது பார்மால்டிஹைடு என்னும் இரசாயனப் பொருள். அது தசைகளைக் கெட்டியாக்கிக் கெடாமற் காக்கும் என்பதை 1893-இல் பெர்டினாண்டு புளும் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். தசையிலுள்ள புரதப் பொருள்களை ஒன்றோடொன்று பிணைத்து, நுண்ணுயிர்களுக்கு இரையாகாதபடி செய்வதே அதன் செயல். அதன்பின் இருபது வருஷங்களுக்குள் பாஷாணம் மெல்ல மெல்ல ஒதுக்கப்பட்டது.

இக்காலத்தில் இவ்வேலை நடைபெறும் முறையையும் அறிதல் நலம். முதலில் உடலைக் கிருமிநாசினி கலந்த நீரால் கழுவுவர். இறந்த சில மணி நேரத்தில் கைகால்கள் விறைத்துப் போவதால், மூட்டுக்களை மெல்ல மடக்கியும் பிடித்தும் அவ்விறைப்பைத் தளர்த்துவர். இமைகளின் கீழ்ச் சிறிய மூடிகளை வைத்துக் கண்களை மூடுவர்; தாடையை உட்புறமாகத் தைத்து வாயை இயல்பாகப் பொருத்துவர். பின்னர்க் கழுத்தின் பக்கத்தே சிறிதளவு கீறி, சுத்த இரத்தக் குழாயின் வழியே யந்திரத்தினால் மருந்து நீரைச் செலுத்த, அருகிலுள்ள மற்றொரு குழாயின் வழியே இரத்தம் வெளியேறும். சாதாரணமான ஓர் உடலுக்கு 8 முதல் 12 லிட்டர் வரை மருந்து நீர் செல்லும். அந்நீரிற் கலந்த சிவப்புச் சாயத்தால் வெளிறிய தோலுக்கு ஒருவாறு பழைய நிறம் திரும்பும். அப்பால் வயிற்றினுள்ளும் மார்பினுள்ளும் தேங்கிய நீரை நீண்ட குழலால் வாங்கி, அவ்விடங்களிலும் மருந்தூற்றித் தைப்பர். மறுபடியும் கழுவி, தலைவாரி, குடும்பத்தார் கொடுத்த உடையை உடுத்தி, அவர்கள் கொடுத்த நிழற்படத்தைப் பார்த்து முகத்தைத் திருத்துவர். இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும் இவ்வேலையில் பெரும்பகுதியைச் சுற்றத்தார் காண்பதில்லை. அமைதியான முகத்தை மட்டுமே காண்பர்.

இத்தொழில் செய்வோர் தம் நிலையை உயர்த்திக்கொண்ட விதத்தை இனி நோக்குவோம். 1882-இல் அமெரிக்க ஈமத்தொழிலாளர் தேசிய சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. அதே வருஷத்தில் சின்சினாட்டி நகரில் ஜோசப் கிளார்க் என்பவர் பதனிடும் கலைக்கென ஒரு பாடசாலை தொடங்கினார். 1894-இல் வர்ஜீனியா மாகாணம் பரீட்சையில் தேறி அனுமதி பெற்றவரே பதனிடலாம் என்று சட்டமியற்றிற்று. ஏனைய மாகாணங்களும் பின்பற்றின. 1895-இல் மார்ட்டிஷியன் என்னும் புதுப்பெயரையும் தமக்குச் சூட்டிக்கொண்டனர். பெயரை மட்டும் மாற்றியிருப்பின் பயன் விளைந்திராது. சங்கம், பாடசாலை, பரீட்சை ஆகிய மூன்றும் முன்னே சென்றமையாலேயே மதிப்புப் பின்னே வந்தது.

அந்நாட்டுக் கறுப்பின மக்களின் சரித்திரம் இதைவிடவும் நமக்குப் படிப்பினையாவது. அடிமைத்தளையினின்று அப்போதுதான் விடுபட்ட அவர்களுடைய உடல்களைத் தொட வெள்ளையர் பலர் மறுத்தனர். தொட்டவர்களும் அவமரியாதையாக நடத்தினர். ஆகவே அவர்கள் தம் இறந்தாரைத் தாமே மரியாதையுடன் அடக்கம் செய்ய முற்பட்டனர். 1849-இல் அடிமையாகப் பிறந்த பிரெஸ்டன் டெய்லர் என்பவர் நாஷ்வில் நகரில் ஈமத்தொழில் நடத்திப் பொருளீட்டி, 1888-இல் தம் மக்களுக்கென கிரீன்வுட் மயானத்தை ஏற்படுத்தினார். 1924-இல் கறுப்பின ஈமத்தொழிலாளர் தமக்கெனத் தேசிய சங்கம் கண்டனர். வெள்ளையரது தயவை எதிர்பாராமல் வருமானம் பெற்றமையால், அஞ்சாது பொதுக்காரியங்களில் இறங்க அவர்களால் இயன்றது. பர்மிங்காம் நகரத்து ஏ. ஜி. காஸ்டன் ஈமச்சடங்குச் சகாயச் சங்கத்தால் செல்வரானவர். 1963-இல் சமவுரிமைப் போராட்டம் நடந்தபோது மார்ட்டின் லூதர் கிங்கை ஜாமீனில் மீட்கப் பணம் கொடுத்தவர் அவரே. தீண்டத்தகாதது என்று பிறர் ஒதுக்கிய வேலை ஒரு சமூகம் தலைநிமிர்வதற்குத் துணைக்கோலாயிற்று.

1955-ஆம் வருஷத்தில் மிஸிஸிப்பி மாகாணத்தில் எம்மெட் டில் என்னும் 14 வயதுச் சிறுவன் நிறத்துவேஷத்தாற் சித்திரவதை செய்து கொல்லப்பட்டான். உடல் ரயிலில் சிக்காகோ வந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாதென்று நிபந்தனையிடப்பட்டிருந்தும் அவன் தாயார் மேமி டில் திறக்கச் செய்தார். சிதைந்த முகத்தை அலங்கரித்து மறைக்க வேண்டா என்று கூறி, மூடாத பெட்டியில் அனைவரும் காண வைத்தார். ஆயிரம் ஆயிரமாக ஜனங்கள் கண்டனர். பத்திரிகைகளும் படத்தை வெளியிட்டன. முகத்தைத் திருத்திக் காட்டுவது ஈமத்தொழிலாளர் கடமையாயினும், குடும்பத்தார் விருப்பமே அதற்கு மேலான விதி என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

இத்தொழிலின் குறைகளையும் கூறாது விடுதல் நடுநிலைமையாகாது. 1963-இல் ஜெஸிக்கா மிட்போர்டு என்னும் அம்மையார், துக்கமடைந்த குடும்பங்களிடம் வேண்டாத செலவுகளைச் சுமத்துகின்றனர் என்று விரிவாக எழுதிக் கண்டித்தார். 1984 முதல் அமெரிக்க சர்க்கார் விதி அமலுக்கு வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் விலையைத் தனித்தனியே எழுதிக் காட்ட வேண்டும் என்றும், சட்டம் கட்டாயப்படுத்தாதபோது பதனிடுதல் கட்டாயம் என்று கூறலாகாது என்றும் அவ்விதி கூறுகின்றது. யூதரும் முஸ்லிம்களும் விரைவில் அடக்கம் செய்தலே முறையெனக் கொண்டு பதனிடுதலைப் பெரும்பாலும் தவிர்க்கின்றனர். அன்றியும், பார்மால்டிஹைடு புற்றுநோய் விளைக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2004-இல் தீர்மானித்தனர். இதனை நாள்தோறும் கையாளுவோரே அவ்வபாயத்திற்கு முதலில் ஆளாகின்றவர்.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். நம் தமிழ் மக்கள் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியா முதலிய இடங்களிலும் உழைக்கச் சென்றிருக்கின்றனர். அங்கே ஒருவர் காலஞ்சென்றால், ஊரிலுள்ள தாயும் மனைவியும் முகத்தைக் காண்பதற்கு உதவுவது இக்கலையே. விமானத்தில் உடலை இந்தியாவிற்குக் கொண்டுவர, மரணச் சான்றிதழ், உடல் பதனிடப்பட்டதற்கான சான்றிதழ், இந்தியத் தூதரகத்தார் தரும் ஆட்சேபனையில்லாச் சான்று, ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட்டின் நகல் ஆகியவை வேண்டும். வறுமையால் செலவு செய்ய இயலாதார்க்கு உதவும் பொருட்டு 2009-இல் இந்திய சர்க்கார் ஏற்படுத்திய சமூக நலநிதி தூதரகங்களில் இருக்கின்றது. இவ்விவரங்களைக் குடும்பத்தில் ஒருவரேனும் அறிந்து வைத்திருப்பாராயின், துக்க காலத்தில் இடைத்தரகர் கையில் அகப்பட வேண்டுவதில்லை.

பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாளே தகனமோ அடக்கமோ செய்யும் நம் ஊர்களில், பதனிடுதலுக்கு இடமேயின்றி எல்லாம் முடிந்துவிடுகின்றன. ஆயினும் பிரேதத்தைத் தீண்டும் கைகள் இங்கும் உண்டு. வெட்டியானும், ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை செய்வோனும் இல்லாவிடின் நம் இறுதிக் கடன்கள் நடைபெறுமா? எகிப்து தேசத்துக் கீறுவோன்மேல் விழுந்த கல் இன்னும் பல உருவில் இவர்கள்மேல் விழுகின்றது. வாசலில் நிறுத்திக் கூலியை எறிவதும், அவர்கள் மக்களை அதே பெயரால் அழைப்பதும் அக்கல்லே யாகும்.

ஆகவே சகோதர சகோதரிகளே! நம் வீட்டுத் துக்கத்திற் பங்குகொள்ளும் இவர்களுக்குப் பேசிய கூலியைக் கையிற் கொடுங்கள். மரியாதைச் சொல்லால் அழையுங்கள். கையுறையும் முகமூடியும் நல்ல காற்றோட்டமுள்ள இடமும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி அதிகாரிகளிடம் கேளுங்கள். அவர்கள் குழந்தைகள் விரும்பிய கல்வியைக் கற்று விரும்பிய தொழிலிற் செல்லவும், இதே தொழிலை விரும்புவோர் பரீட்சை தேறி மதிப்புடன் செய்யவும் துணைநில்லுங்கள். நாம் ஒவ்வொருவரும் ஒருநாள் பிறர் கையில் ஒப்படைக்கப்பட இருக்கின்றோம். அன்று நம்மைத் தாங்கும் கையை இன்றே மதிப்பது, சங்கமாய்க் கூடியிருக்கும் நமக்குக் கடமையாகும்.